டிக்கெட் கோட்டா இல்லை என்கிறார்கள், ஆனால் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்

கேட்ட கேள்வி இது: அமெரிக்கப் போலீஸுக்கு இத்தனை டிக்கெட் (போக்குவரத்து அபராதச் சீட்டு) எழுதியே ஆக வேண்டும் என்று கோட்டா உண்டா, மாசக் கடைசியில் அதிகமாகப் பிடிக்கிறார்கள் என்பது நிஜமா, சட்டம் போட்டு இதை நிறுத்திவிட முடியாதா?

உண்டு. ஆனால் எழுத்தில் கிடைப்பது அபூர்வம். வாய்வழி உத்தரவாக இருக்கும், சுவரில் ஒட்டிய பட்டியலாக இருக்கும், "பக்கத்து ஆள் போன மாசம் முப்பது எழுதியிருக்கிறான், நீ பதினொன்று, என்ன விஷயம்?" என்ற விசாரிப்பாக இருக்கும். கோட்டாவைத் தடுக்கும் சட்டங்கள் பெரும்பாலும் எண்ணைத்தான் தடுக்கின்றன. அந்த விசாரிப்பை அவற்றால் தொட முடிவதில்லை. என் பதிலின் சாரம் இவ்வளவுதான். மீதி, இது எப்படி நடக்கிறது என்ற விவரம்.

முதலில் ஒளிவுமறைவே இல்லாத ஓர் உதாரணம். ஃபுளோரிடாவில் வால்டோ என்று ஒரு சின்ன ஊர், சுமார் ஆயிரம் பேர். ஊரைக் கிழித்துக்கொண்டு போகிறது யு.எஸ். 301 நெடுஞ்சாலை. சில மைல் தூரத்துக்குள் வேக வரம்பு ஆறு முறை மாறும். பலகையைக் கவனித்துப் பிரேக் அழுத்துவதற்குள் அடுத்த வரம்பு வந்துவிடும். வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ பெயர் சொல்லியே எச்சரித்த வேகப் பொறி இது. ஊர் வருமானத்தில் ஏறக்குறைய பாதி டிக்கெட்டிலிருந்து வந்தது. 2014 ஆகஸ்டில் அந்த ஊர் போலீஸ்காரர்களே சிலர் நகர மன்றக் கூட்டத்துக்கு வந்து, 12 மணி நேர ஷிஃப்டுக்கு 12 டிக்கெட் எழுதச் சொல்கிறார்கள் என்று போட்டு உடைத்தார்கள். மணிக்கு ஒன்று. தலைமை அதிகாரி இடைநீக்கம் ஆனார். சில வாரங்களில் நகர மன்றம் போலீஸ் துறையையே கலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஃபுளோரிடா, டிக்கெட் கோட்டாவைத் தடைசெய்து சட்டம் போட்டது.

இவ்வளவு வெளிப்படையாக மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. மற்ற இடங்களில் கோட்டா எப்படி முளைக்கிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி. அங்கே யாரும் வில்லனாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு ரோந்துப் போலீஸ்காரர் பள்ளிக்கூட வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு மணி நேரம் காரை நிறுத்திக்கொண்டு நிற்கிறார் என்று வையுங்கள். அவரைப் பார்த்ததும் எல்லோரும் வேகத்தைக் குறைக்கிறார்கள். யாரும் அடிபடவில்லை, யாருக்கும் டிக்கெட் இல்லை. இன்னொருவர் வளைவுக்கு அந்தப் பக்கம் புதர் மறைவில் நின்று ஆறு பேரைப் பிடிக்கிறார். அன்று மாலை பதிவேட்டில் முதல் ஆளுக்கு முட்டை, இரண்டாம் ஆளுக்கு ஆறு. சார்ஜென்ட் இருவரையும் நேரில் பார்க்கவில்லை. அவர் பார்ப்பது தாளைத்தான். தாளில் ஒருவர் வேலை செய்திருக்கிறார், மற்றவர் தூங்கியிருக்கிறார். நடக்காத விபத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இதில் சார்ஜென்டின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். நிஜமாகவே காரில் தூங்குகிற ஆளும் அவர் கீழே இருப்பார். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணித்தான். கோட்டாவின் பிறப்பிடம் பேராசை மட்டும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத வேலையை மேற்பார்வை பார்க்க வேண்டிய கட்டாயமும்தான்.

நியூயார்க்கில் 1994ல் கமிஷனர் வில்லியம் பிராட்டனும் துணைக் கமிஷனர் ஜாக் மேப்பிளும் காம்ப்ஸ்டாட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். எந்தத் தெருவில் எந்தக் குற்றம் கூடுகிறது என்று வரைபடத்தில் குறித்து, ஒவ்வொரு எல்லையின் கமாண்டரையும் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். யோசனை நல்ல யோசனை. அதுவரை புள்ளிவிவரங்கள் மாதக்கணக்கில் தாமதமாக வந்துகொண்டிருந்தன. ஆனால் கேள்வி மேலிருந்து கீழே இறங்க இறங்க உருமாறியது. கமிஷனர் கமாண்டரிடம் "கொள்ளையைக் குறைக்க என்ன செய்தாய்?" என்பார். கமாண்டர் லெப்டினன்டிடம், லெப்டினன்ட் சார்ஜென்டிடம். தெருவில் நிற்கிற ஆளிடம் வந்து சேரும்போது அது "எத்தனை எழுதினாய்?" ஆகிவிடும். ஒரு வாரத்தில் கொள்ளையைக் குறைப்பது அவர் கையில் இல்லை. சாயங்காலத்துக்குள் பத்து சம்மன் எழுதுவது கையில் இருக்கிறது.

ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் விஷயம் இங்கேதான் வருகிறது. புரூக்ளினில் 81வது பிரிசிங்க்டில் (காவல் எல்லைக்கு அங்கே அந்தப் பெயர்) வேலை பார்த்த சாதாரண ரோந்துப் போலீஸ்காரர் அவர். 2008, 2009ல் ஷிஃப்ட் தொடக்கக் கூட்டங்களை ரகசியமாக ஒலிப்பதிவு செய்தார். எண்ணிக்கை கொண்டுவா என்ற நெருக்கடி அதில் பதிவாகியிருந்தது. அதே ஸ்டேஷனில் இன்னொரு வேலையும் நடந்தது. கடுமையான குற்றப் புகார்களைச் சின்னக் குற்றமாக எழுதுவது, அல்லது எழுதாமலே அனுப்பிவிடுவது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: சம்மன் கூட வேண்டும், பெரிய குற்றம் குறைய வேண்டும். இரண்டு எண்ணும் ஒரே பேனாவில் இருக்கின்றன. 2009 அக்டோபர் 31 அன்று அவருடைய மேலதிகாரிகள் அவர் வீட்டுக்கு வந்து, அவரை வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். ஆறு நாள் அங்கே இருந்தார். அந்த நேரத்திலும் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. 2015ல் நகர நிர்வாகம் 6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. குற்றப் புகார்களை அமுக்கியது பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்று துறையின் உள் விசாரணையே கண்டறிந்திருந்தது.

சரி, நியூயார்க்கில் சட்டம் இல்லையா? இருந்தது. அது திருத்தப்பட்டுக்கொண்டும் இருந்தது. அந்தத் துரத்தலைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் கேள்வியின் மூன்றாவது பகுதிக்குப் பதில் கிடைக்கும். 2006ல் ஒரு தொழில் தகராறு நடுவர், 75வது பிரிசிங்க்டில் கோட்டா நடைமுறையில் இருந்ததாகத் தீர்ப்பளித்தார்: மாதம் 4 பார்க்கிங் டிக்கெட், 3 ஓட்டுநர் விதிமீறல், 3 சில்லறைக் குற்றச் சம்மன், 1 கைது, 2 தடுத்துச் சோதனை. மளிகைப் பட்டியல் போல இருக்கிறது, இல்லையா? மாநிலத் தொழிலாளர் சட்டம் அப்போது போக்குவரத்து டிக்கெட்டை மட்டும்தான் கோட்டாவிலிருந்து காத்தது. 2010ல் அதைத் திருத்தி மற்ற சம்மன், கைது, தடுத்துச் சோதனை எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். 2011 அக்டோபரில் துறை ஒரு செயல்பாட்டு உத்தரவு வெளியிட்டது. மேலதிகாரிகள் "செயல்திறன் இலக்கு" வைக்கலாம், வைத்தாக வேண்டும் என்றது அது. எண் எதுவும் இல்லை. கோட்டா என்ற சொல்லும் இல்லை. ஆனால் இலக்கை எட்டாதவரைக் கண்காணிப்பில் வைக்கலாம், வேறு பணிக்கு மாற்றலாம். புறாக் கூட்டுக்குப் பெயர்ப்பலகை மாறியது, புறா பறக்கவில்லை.

நடைமுறையில் போலீஸ்காரர்கள் இதை "ஆக்டிவிட்டி" என்பார்கள். சிலர் நீதிமன்றத்திலும் பேட்டிகளிலும் "இருபதும் ஒன்றும்" என்று சொல்லியிருக்கிறார்கள், அதாவது மாதம் இருபது சம்மன், ஒரு கைது. விளைவு என்ன? 2007க்கும் 2015க்கும் இடையே நியூயார்க்கில் கொடுக்கப்பட்ட சம்மன்களில் சுமார் 9 லட்சம், சட்டப்படி நிற்கும் அளவுக்கு அதில் எதுவும் எழுதப்படவில்லை என்று நீதிமன்றத்தில் தள்ளுபடியாயின. அதற்காகத் தொடுத்த கூட்டு வழக்கை 2017ல் நகரம் 7.5 கோடி டாலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டு முடித்தது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சம்மன் தள்ளுபடியானால் போலீஸ்காரருக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் எண்ணிக்கையில் அது ஏற்கெனவே ஏறிவிட்டது. படிவம் கிழிக்கும் இடத்தில் கணக்கு மூடிவிடுகிறது. பிற்பாடு என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸிலும் இதே கதைதான். ஷிஃப்டுக்கு 18 டிக்கெட், அதில் 80 சதவீதம் பெரிய விதிமீறலாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள், எதிர்த்ததற்குப் பழிவாங்கினார்கள் என்று மோட்டார் சைக்கிள் பிரிவு அதிகாரிகள் இருவர் வழக்குப் போட்டார்கள். 2011ல் ஜூரி 20 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. இந்த வழக்குகளைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் போலீஸ்காரர்களே. கோட்டா பற்றி மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் வாய் திறந்ததால் தெரிந்ததுதான்.

இதுவரை சொன்னது பதவி உயர்வு, இடமாற்றம், மேலதிகாரியின் முகம் சம்பந்தப்பட்டது. பணம் வந்து சேரும்போது விஷயம் வேறு நிறம் எடுக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெரிய நகரத்தில் டிக்கெட் பணம் பட்ஜெட்டில் கடுகளவு. அங்கே எண்ணிக்கைதான் நோய். சின்ன ஊர்களில் பணம்தான் நோய்.

மிசௌரி மாநிலத்தில் ஃபெர்குசன், சுமார் 21 ஆயிரம் பேர் உள்ள ஊர். 2014ல் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்ற பிறகு மத்திய நீதித் துறை அங்கே போய் மின்னஞ்சல்களையும் பதிவேடுகளையும் தோண்டி, 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. கோட்டா பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும். 2010ல் ஊரின் நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு எழுதுகிறார்: விற்பனை வரியில் துண்டு விழப்போகிறது, ஆண்டு முடிவதற்குள் டிக்கெட் எழுதுவது நன்றாகக் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கஷ்டம் என்று. குற்றம் கூடியிருக்கிறது, விபத்து கூடியிருக்கிறது என்ற பேச்சே இல்லை. அபராத வசூல் 2012 நிதியாண்டில் 22 லட்சம் டாலர், 2013ல் 24.6 லட்சம். 2015க்கு எதிர்பார்த்தது 30.9 லட்சம், ஊரின் மொத்தப் பொது வருவாயாக எதிர்பார்த்ததே சுமார் 1.33 கோடிதான். அபராதத்தை முன்கூட்டியே பட்ஜெட்டில் எழுதுவது என்றால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். அடுத்த வருஷம் இத்தனை பேர் தப்புச் செய்வார்கள் என்று நகர மன்றம் தீர்மானம் போடுகிறது. செய்யாவிட்டால் பற்றாக்குறை.

போலீஸ்காரர்களின் டிக்கெட் எண்ணிக்கையை அங்கே பட்டியல் போட்டு ஒட்டினார்கள். ஒரே தடவை நிறுத்தியதில் யார் அதிகம் எழுதுவது என்று போட்டியே நடந்திருக்கிறது. ஒருவருக்கு ஒரே சமயத்தில் 14 எழுதிய சம்பவம் அறிக்கையில் இருக்கிறது. நீதிமன்ற வருவாய் முதல் முறையாக 20 லட்சத்தைத் தாண்டியது என்று போலீஸ் தலைவர் சொன்னதும், நகர மேலாளர் "அருமை, நன்றி" என்று பதில் போட்டார்.

டிக்கெட் வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் எப்படி இருக்கும்? 2012 கோடையில் 32 வயது மனிதர் ஒருவர் பூங்காவில் கூடைப்பந்து ஆடிவிட்டு, தன் காரில் உட்கார்ந்து வியர்வை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் வந்து பின்னால் காரை நிறுத்தி, அடையாள அட்டை கேட்டு, எந்த ஆதாரமும் இல்லாமல் குழந்தைகளிடம் தப்பாக நடப்பவன் என்று குற்றம் சாட்டி, காரைச் சோதனை போட அனுமதி கேட்டார். அவர் மறுத்தார். கைது. எட்டு விதிமீறல்கள். அதில் ஒன்று பொய்த் தகவல் கொடுத்தது: மைக்கேல் என்ற பெயரை மைக் என்று சொன்னாராம். இன்னொன்று சீட் பெல்ட் போடாதது, நின்றுகொண்டிருந்த காரில். இந்த வழக்குகளால் பல வருஷம் பார்த்த வேலை போனது என்று அவர் விசாரணை அதிகாரிகளிடம் சொன்னார்.

2007ல் ஒரு பெண் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினார். இரண்டு டிக்கெட், அபராதம் 151 டாலர், மேலே கட்டணங்கள். அவர் அடிக்கடி வீடில்லாமல் தவித்தவர். நீதிமன்றத் தேதிகள் தவறின, ஒவ்வொரு தவறுக்கும் புது அபராதம், வாரண்ட். இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. 550 டாலர் கட்டியிருந்தார். 2014 டிசம்பரில் இன்னும் 541 டாலர் பாக்கி என்றது கணக்கு. அந்த மாதம் ஃபெர்குசனில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது வாரண்ட் நிலுவையில் இருந்தது. சுமை யார் தலையில் விழுந்தது என்பதும் அறிக்கையில் இருக்கிறது: மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 67 சதவீதம், டிக்கெட் வாங்கியவர்களில் 90, கைதானவர்களில் 93.

நீதிபதியின் கையில் காசு புழங்கினால் நீதி கெடும் என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் புதிய விஷயமும் இல்லை. மதுவிலக்குக் காலத்தில் ஒஹையோவில் ஒரு கிராம மேயரே நீதிபதியாக உட்கார்ந்து, குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னால் மட்டும் தனக்கு 12 டாலர் கட்டணம் எடுத்துக்கொண்டார். விடுதலை செய்தால் ஒன்றும் கிடையாது. 1927ல் டூமி வழக்கில் இது செல்லாது என்றார்கள். 1972ல் இன்னொரு ஒஹையோ வழக்கு: மேயர் தன் பைக்கு எடுக்கவில்லை, கிராமக் கஜானாவுக்குத்தான் போனது. அதையும் செல்லாது என்றார்கள். ஆனால் இரண்டும் தீர்ப்புச் சொல்கிறவரைப் பற்றியவை. சாலையோரத்தில் டிக்கெட் எழுதுகிறவருக்கு அந்த அளவு கடிவாளம் கிடையாது.   

ஊகத்தைத் தாண்டி ஆதாரம் உண்டா என்றால், உண்டு. வட கரோலினாவின் கவுண்டிகளுடைய (நம் மாவட்டம் போன்றவை) பல ஆண்டுக் கணக்கை காரெட், வாக்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். வருவாய் குறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு டிக்கெட் கூடுகிறது. வருவாய் கூடினால் டிக்கெட் குறைகிறதா? இல்லை. ஏறுவதற்கு மட்டும் படிக்கட்டு. மாசசூசெட்ஸில் மகோவ்ஸ்கியும் ஸ்ட்ராட்மனும் 2001ன் வேக மீறல் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரரைவிட வெளியூர்க்காரருக்கு எச்சரிக்கைக்குப் பதில் அபராதம் விழும் வாய்ப்பு அதிகம். அவர் வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவு அபராதம், ஏனென்றால் அவ்வளவு தூரம் திரும்பி வந்து நீதிமன்றத்தில் வாதாட மாட்டார். அவருக்கு வாக்குரிமையும் இந்த ஊரில் இல்லை. கூடுதல் சொத்து வரிக்கு ஊர் மக்கள் வாக்கெடுப்பில் சம்மதிக்காத ஊர்களில் இது இன்னும் கூடுதல்.

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. கோட்டாவைத் திட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மகோவ்ஸ்கியும் ஸ்ட்ராட்மனும் பிற்பாடு அந்த ஊர்களின் பணமுடையையே ஒரு பரிசோதனையாகப் பயன்படுத்தினார்கள். விபத்து கூடியதால் டிக்கெட் கூடியதா, டிக்கெட் கூடியதால் விபத்து குறைந்ததா என்று சாதாரணமாகப் பிரிக்க முடியாது. ஆனால் பணமுடையால் எழுதிய டிக்கெட்டுக்கும் சாலை நிலைமைக்கும் சம்பந்தம் இல்லை அல்லவா? அந்த டிக்கெட்டுகள் கூடிய இடங்களில் விபத்தும் காயமும் குறைந்திருந்தன. கெட்ட காரணத்துக்காக எழுதின டிக்கெட்டும் உயிரைக் காத்திருக்கிறது. எனவே டிக்கெட்டே வேண்டாம் என்பவர்களோடு நான் இல்லை.

ஆனால் எல்லாச் சம்மனும் வேக மீறல் டிக்கெட் இல்லை. 2014 டிசம்பரில் நியூயார்க்கில் இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸ்காரர்களுக்கு மேயர் மீதிருந்த கோபமும் சேர்ந்து, சில வாரங்கள் சில்லறைச் சம்மன்களும் கைதுகளும் அடியோடு சரிந்தன. ஊர் பற்றி எரியும் என்று எதிர்பார்த்தார்கள். 2017ல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் காலத்தில் பெரிய குற்றப் புகார்கள் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருந்தன என்று காட்டியது. நடைபாதையில் நின்றதற்கு எழுதும் சம்மனும், பள்ளிக்கூடத்தருகே 60 மைலில் பறக்கிறவருக்கு எழுதும் டிக்கெட்டும் பதிவேட்டில் ஆளுக்கு ஒன்று. முதலாவது சுலபம். எண்ணிக்கை மட்டும் கேட்டால் எது பெருகும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணிக்கைக்குப் பணமும் வேண்டாம், குடிமக்களும் வேண்டாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு காட்சி. விக்டோரியா மாநிலத்தில் போலீஸ் சாலையோரத்தில் மூச்சுச் சோதனை செய்யும், இத்தனை என்று இலக்கும் இருந்தது. 2018ல் தெரியவந்தது: ஐந்தரை ஆண்டில் 2 லட்சத்து 58 ஆயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் போலி. கார் எதுவும் நிற்கவில்லை. போலீஸ்காரர் ஊதுகுழலை விரலால் அடைத்தார், அல்லது தானே ஊதினார். நள்ளிரவில் சாலையோரம் நின்று, குடிக்காத ஒரு போலீஸ்காரர் தன் மூச்சைத் தானே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அயர்லாந்தில் ஊதவும் இல்லை. 2017ல் கருவிகளில் பதிவான சோதனை எண்ணிக்கையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, நடக்காத 14 லட்சத்துக்கும் அதிகமான சோதனைகள் கணக்கில் இருந்தன. இதில் யாருக்கும் அநியாயமாக அபராதம் விழவில்லை என்று ஆறுதல் அடையலாம். ஆனால் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் குறைகிறார்களா என்று அந்தப் புள்ளிவிவரத்தை நம்பிக் கொள்கை வகுத்தவர்கள் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் 2000களில் அரசு வைத்த இலக்கு, 2007-08க்குள் ஆண்டுக்கு 12.5 லட்சம் குற்றங்களை "நீதியின் முன் நிறுத்துவது". ஒரு கொலைக்குத் தண்டனை வாங்கினாலும் ஒன்று, பள்ளிக்கூட மைதானத்தில் அடித்துக்கொண்ட பையனுக்கு எச்சரிக்கை எழுதினாலும் ஒன்று. கொலைக்குப் பல மாதம், பையனுக்கு அரை மணி. முதல் முறையாகக் குற்றப் பதிவேட்டில் ஏறிய சிறுவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் உச்சம் தொட்டு, இலக்கை மாற்றிய பின் மளமளவென்று இறங்கியது. பிள்ளைகள் திடீரென்று திருந்திவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ரஷ்யப் போலீஸ் வட்டாரத்தில் இதற்கு "குச்சி முறை" என்றே பெயர். முடித்த வழக்குக்கு ஒரு குச்சிக்கோடு. போன ஆண்டு இதே மாதத்தைவிட ஒரு கோடாவது கூட இருக்க வேண்டும். எண் எதையும் யாரும் நிர்ணயிப்பதில்லை, போன வருஷத்து நீங்கள்தான் இந்த வருஷத்து உங்களுக்குக் கோட்டா. தடைச் சட்டத்தில் சிக்காத கோட்டாவுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் என்னதான் செய்வது? கோட்டாவைத் தடுக்கும் சட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். வழக்குப் போடுகிற போலீஸ்காரருக்கு அது பிடிமானம். ஆனால் பணத்தின் வழியை மாற்றும் சட்டங்கள்தான் நிஜமாகக் கடிக்கின்றன. மிசௌரியில் மேக்ஸ் கிரீக் என்ற குட்டி ஊர் நெடுஞ்சாலை டிக்கெட்டிலேயே பிழைத்தது. 1995ல் அந்த ஊரின் பெயரால் ஒரு சட்டம் வந்தது: வருமானத்தில் 45 சதவீதத்துக்கு மேல் போக்குவரத்து அபராதமாக இருந்தால், மிஞ்சியது ஊருக்கு இல்லை. மூன்றே ஆண்டில் ஊர் திவால். 2012ல் ஊராட்சியே கலைந்தது. ஃபெர்குசனுக்குப் பிறகு அந்த வரம்பை 20 சதவீதமாக இறக்கினார்கள். செயின்ட் லூயிஸ் கவுண்டிக்கென்று தனியாகப் போட்ட 12.5 சதவீதத்தை 2017ல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இதிலும் ஓட்டை உண்டு. வட கரோலினாவின் அரசமைப்பு, அபராதப் பணம் பள்ளிக்கூடங்களுக்குத்தான் போக வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுப்பது அதே கவுண்டி. அபராதம் கூடினால் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு அந்தக் காசைச் சாலைக்கோ சம்பளத்துக்கோ திருப்பலாம். மேலே சொன்ன ஆய்வு அந்த மாநிலத்தில்தான் நடந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எழுதும் ஊரின் பட்ஜெட்டை எந்தச் சுற்றுவழியிலும் தொடாத தூரத்துக்கு, மாநிலப் பொதுக் கஜானாவுக்குப் பணம் போனால்தான் உருப்படி.

பதவி உயர்வுப் பக்கம் இதைவிடக் கடினம். எண்ணுவதை நிறுத்தினால் தூங்குகிற ஆள் தப்பிப்பார். என் கட்சி, எண்ணுங்கள், ஆனால் கடைசிவரை எண்ணுங்கள். எழுதிய சம்மன்களில் எத்தனை நீதிமன்றத்தில் நின்றன, விபத்து நடக்கும் சந்திப்புகளிலா எழுதினார், ஆள் இல்லாத ரோட்டிலா, எத்தனை பேரை எச்சரித்து விட்டார். தள்ளுபடியான சம்மன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கழித்தல் குறி போட்டாலே அந்த 9 லட்சத்தில் பாதி எழுதப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, மாசக் கடைசி விஷயம். எல்லா ஊருக்கும் பொருந்தும் விதியாக அதைச் சொல்ல முடியாது. மாதக் கணக்குப் பார்க்கும் துறையில், இருபத்தைந்தாம் தேதி பன்னிரண்டில் நிற்கிற ஆள் அவசரப்படுவார், இருபதை எட்டியவர் கையைக் கட்டிக்கொள்வார். எட்டியவர் முன்னால் நீங்கள் வேகமாகப் போனால் அதிர்ஷ்டம். பட்ஜெட்டுக்காக எழுதும் ஊர்களில் மாசம் பார்ப்பதில்லை, அங்கே உங்கள் கார் நம்பர் பலகை எந்த ஊர் என்பதுதான் கணக்கு.